கடைமடை காய்ந்தால்: ஓடும் மகளைப் பற்றி ஒரு தாயின் கேள்வி

கேள்வி:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எங்களுக்கு நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். என் மகளுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு படிக்கிறாள். 1500 மீட்டரும் 3000 மீட்டரும் ஓடுவாள். வருவாய் மாவட்டப் போட்டியில் இரண்டாவதாக வந்தாள். காலையில் ஆற்றங்கரை ரோட்டில் 7 கிலோமீட்டர், சாயங்காலம் பள்ளி மைதானத்தில் 5 கிலோமீட்டர் ஓடுகிறாள். எடை 42 கிலோ. “இன்னும் ரெண்டு கிலோ குறைச்சா மாநிலத்துல நிக்கலாம்” என்று பி.டி. சார் சொன்னதிலிருந்து ராத்திரி சோறே வேண்டாம் என்கிறாள். ஒரு தோசை, அரை டம்ளர் மோர், அவ்வளவுதான். 13 வயதில் பெரியவளானாள், மாதாமாதம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. இப்போது ஐந்து மாதமாக வரவில்லை. கேட்டால், “ஓடுற பிள்ளைங்களுக்கு அப்படித்தாம்மா, நல்லதாப் போச்சு” என்கிறாள். மூன்று வாரமாக வலது முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி. என் மாமியார், “ஓடி ஓடிக் கர்ப்பப்பை இறங்கிடும், நாளைக்குப் பிள்ளை தங்காது” என்று அவளுடைய ஸ்பைக் ஷூவை எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டார். என் வீட்டுக்காரரும் அம்மா பக்கம்தான். மகள் இரண்டு நாளாக யாரோடும் பேசவில்லை. ஓட்டத்தை நிறுத்திவிடலாமா?

— ஒரு தாய், திருவாரூர் மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

நிறுத்த வேண்டாம். ஆனால் காலில் இருப்பது என்ன வலி என்று தெரியும்வரை மைதானத்தில் ஒரு சுற்றுகூட ஓட வேண்டாம். நிறுத்துவது வேறு, கொஞ்ச நாள் நிறுத்திவைப்பது வேறு. மகளிடம் பேசும்போது இந்த வித்தியாசம் அவள் மனதில் பதியும்படி சொல்லுங்கள். ஷூ பரண்மேல் போன அன்றே எல்லாம் முடிந்தது என்று அவள் நினைத்திருப்பாள். அதனால்தான் பேசவில்லை.

ராத்திரி சாப்பாடு, நின்றுபோன மாதவிடாய், கால் வலி என்று மூன்று செய்தி எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் இவற்றைத் தனித்தனியாகப் பேசுகிறீர்கள் போலிருக்கிறது. எனக்கு இவை ஒரே பிரச்சினையாகத் தெரிகின்றன. நேரில் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். இருந்தாலும், நீண்ட தூரம் ஓடும் ஒரு பெண் சாப்பாட்டைக் குறைத்து, மாதவிடாய் நின்று, அப்புறம் எலும்பு வலி என்று வந்தால், உடம்புக்கு வேண்டிய அளவு சாப்பாடு போய்ச் சேரவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன்.

நீங்கள் டெல்டாக்காரர், சொன்னால் உடனே புரியும். மேட்டூரில் தண்ணீர் நிறைய இருந்தால் ஜூன் 12-ஆம் தேதி திறக்கிறார்கள், கடைமடை வரை போகிறது. குறைவாக இருந்தால் முறை வைத்து விடுகிறார்கள். உங்கள் ஊர்ப் பக்கம், ஆறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பில் ஷட்டரை இறக்கினால், தலைப்பில் இருப்பவன் வயலில் ஈரம் இருக்கும். கடைமடைக்காரன் வயல்தான் முதலில் வெடிக்கும். உடம்பிலும் அப்படித்தான். வருகிற ஆற்றல் குறைந்தால் இதயத்துக்கும் மூளைக்கும் போவதைக் குறைக்க முடியாது. கால்களுக்கு வேண்டியதை ஓடுகிற பிள்ளை பிடிவாதமாக இழுத்துக்கொள்கிறாள். மிச்சத்தில்தான் எலும்பு வளர வேண்டும், இரத்தம் ஊற வேண்டும், சளி காய்ச்சலை எதிர்க்க வேண்டும், மாதவிடாய் வர வேண்டும். மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. ஷட்டரை இறக்குவது அதுதான். கையிருப்பு இல்லை என்று கண்டதும் சினைப்பைக்குப் போகும் கட்டளையைக் குறைத்துவிடும். சினைப்பை, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைச் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். மாதவிடாய் நிற்கும். அதே ஈஸ்ட்ரோஜன்தான் எலும்புக்கும் காவல்.

உங்கள் மகளின் கடைமடை காய ஆரம்பித்து ஐந்து மாதம் ஆகிறது. ஒழுங்காக வந்துகொண்டிருந்த மாதவிடாய் தொடர்ந்து மூன்று மாதம் வரவில்லை என்றாலே மருத்துவரிடம் காட்ட வேண்டும். “ஓடுற பிள்ளைங்களுக்கு அப்படித்தான்” என்பது பழைய காலத்துப் பயிற்சியாளர்கள் சொல்லிச் சொல்லிப் பரவிய பேச்சு. விளையாட்டு வீராங்கனைகளிடம் குறைந்த சாப்பாடு, நின்றுபோன மாதவிடாய், பலவீனமான எலும்பு மூன்றும் கைகோத்துக்கொண்டு வருவதை மருத்துவ உலகம் 1990-களிலேயே கண்டு சொல்லிவிட்டது. 2014-இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழு இதை இன்னும் விரிவாக எடுத்துக்கொண்டு, இந்த ஆற்றல் பற்றாக்குறை இதயம், மனநிலை, நோய் எதிர்ப்புச் சக்தி எல்லாவற்றையும் பாதிக்கும், பையன்களுக்கும் வரும் என்று அறிவித்தது. பையன்களுக்கு மாதாமாதம் மணி அடித்துச் சொல்ல எதுவும் இல்லை, பெண் பிள்ளைகளுக்கு இருக்கிறது. அந்த மணி அடிக்காமல் போனதைப் பார்த்து நீங்கள் பதறியது சரிதான்.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோமீட்டர் ஓடினால் உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். 42 கிலோ எடை, 12 கிலோமீட்டர்: 500 கலோரிக்கு மேல் ஆகிறது. ஏழெட்டு இட்லிக்குச் சமம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட அளவுப்படி, பள்ளிக்குப் போய்வந்து ஓடியாடித் திரியும் 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கே ஒரு நாளைக்கு சுமார் 2400 கலோரி வேண்டும். அதற்குமேல்தான் இந்த ஏழெட்டு இட்லி. உங்கள் மகள் அதைக் கூட்டாமல், இருந்த ராத்திரிச் சோற்றையும் கழித்துவிட்டாள்.

இந்த வயதில் கழிப்பதுதான் ஆபத்து. ஒரு பெண்ணின் எலும்பில் சேர வேண்டிய சத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் 18 வயதுக்குள் சேர்ந்துவிடும். பிறகு எவ்வளவு பால் குடித்தாலும் சேர்ப்பது கடினம், இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். குதிரில் நெல் போடும் பருவம் இது. இப்போது போடாமல் விட்டால் ஐம்பது வயதில் வழுக்கி விழும்போதுதான் தெரியும், சில பேருக்குப் பதினாறிலேயே தெரிந்துவிடும்.

எனக்குத் தெரிந்துபோன கதை ஒன்றைச் சொல்கிறேன். அப்போது மருத்துவத் தொழிலுக்கு நான் புதிது. கைப்பந்து ஆடும் 16 வயதுப் பெண்ணை அவள் அப்பா அழைத்து வந்தார். காலுறையைச் சுருட்டிக் கீழே தள்ளிவிட்டு, முன்னெலும்பில் ஒரே ஓர் இடத்தில் கட்டைவிரலை வைத்து, “இங்க மட்டும்தான் டாக்டர்” என்றாள். எக்ஸ்-ரே எடுத்தோம். விளக்குப் பலகையில் மாட்டிப் பார்த்தேன், கோடு கீறல் எதுவும் இல்லை. வலி மாத்திரையும் கால்சியமும் கொடுத்து, ஒரு வாரம் ஓய்வெடுத்துவிட்டு ஆடச் சொல்லி அனுப்பினேன். அடுத்த மாதம் போட்டியில் குதித்து இறங்கும்போது அதே இடத்தில் எலும்பு முறிந்தது. அழுத்தத்தால் உண்டாகும் மெல்லிய விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்-ரேயில் தெரியாமல் போகலாம் என்பது எனக்குத் தெரிந்த பாடம்தான். அவளிடம் மாதவிடாய் பற்றிக் கேட்டிருந்தால் சந்தேகம் வந்திருக்கும். எட்டு மாதமாக வரவில்லை என்பதை முறிவுக்குப் பிறகுதான் அவள் அம்மா சொன்னார். கேட்காதது என் தவறு. அவள் மறுபடி ஆடவே இல்லை. அன்றிலிருந்து கால் வலி என்று எந்தப் பெண் வந்தாலும் முதலில் இரண்டு கேள்விதான் கேட்கிறேன்: கடைசியாக எப்போது வந்தது? நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டாய்?

ஆகவே இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். அவளை உட்கார வைத்து முன்னெலும்பின் உள்விளிம்பை மேலிருந்து கீழாக விரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். நாலைந்து அங்குலத்துக்குப் பரவலாக வலித்தால் அது பெரும்பாலும் தசையும் எலும்பு உறையும் படும் பாடு, தார் ரோட்டில் தொடர்ந்து ஓடுகிறவர்களுக்கு வருவது. ஒரே இடத்தில், ஒரு ரூபாய்க் காசு அளவுக்குள், தொட்டால் துள்ளுகிற வலி என்றாலோ, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலிக்கிறது என்றாலோ விரிசலாக இருக்கலாம். எலும்பு மருத்துவரிடம் போய், “மூன்று வாரமாக வலி, ஐந்து மாதமாக மாதவிடாய் இல்லை” என்று இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். சேர்த்துச் சொன்னால் அவர் எக்ஸ்-ரேயோடு நிற்காமல் எம்.ஆர்.ஐ. பற்றி யோசிப்பார். விரிசல் என்று தெரிந்தால் ஆறு முதல் எட்டு வாரம் ஓட்டம் கிடையாது, எந்த இடத்தில் எவ்வளவு என்பதைப் பொறுத்து இன்னும் கூடலாம். மாநிலப் போட்டி அதற்குள் வந்தால் போகட்டும், சகோதரி. 17 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் அவளுக்கு இன்னும் காலம் இருக்கிறது. அதற்கப்புறம் 19 வயதுப் பிரிவும் இருக்கிறது.

மகளிர் மருத்துவரிடமும் காட்ட வேண்டும். அங்கே நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனம் கஷ்டப்படும். மாதவிடாய் நின்ற எந்தப் பெண்ணுக்கும் முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்வார்கள். அது எல்லாருக்கும் உள்ள நடைமுறை, உங்கள் பிள்ளையைச் சந்தேகப்படுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவளிடமும் முன்பே சொல்லி அழைத்துப் போங்கள். அப்புறம் தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரப்பு ஹார்மோன்), சினைப்பைக் கட்டளை ஹார்மோன்கள், ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பு), வைட்டமின் டி பார்ப்பார்கள். ஸ்கேனும் எடுப்பார்கள்.

ஸ்கேனில் ஒரு சிக்கல் இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். சாப்பாடு போதாமல் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் சினைப்பையில் சின்னச் சின்ன நீர்க்கட்டி தெரிவது உண்டு. அதைப் பார்த்துவிட்டு, “நீர்க்கட்டி இருக்கு, எடையைக் குறைங்க, அரிசியை நிறுத்துங்க” என்று சொல்லி அனுப்பிய பெண்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். 42 கிலோ எடையுள்ள, தினமும் 12 கிலோமீட்டர் ஓடும் பிள்ளைக்கு அதைவிடக் கெடுதலான ஆலோசனை கிடையாது. அதனால் எவ்வளவு ஓடுகிறாள், எப்போதிலிருந்து சாப்பாட்டைக் குறைத்தாள் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். அதேபோல, மாத்திரை கொடுத்து ஒரு தடவை உதிரப்போக்கு வரவழைத்ததும் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். கருத்தடை மாத்திரையை மாதாமாதம் போட்டால் தேதி தவறாமல் வரும், ஆனால் உள்ளே பற்றாக்குறை அப்படியேதான் இருக்கும், எலும்புக்கும் அதனால் காவல் கிடைக்காது. தானாக வர வேண்டும். அதற்குச் சில மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். பொறுமை வேண்டும்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். உங்கள் மாமியாரை இதில் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை. அவர் சொன்னது தவறுதான். ஓடுவதால் கர்ப்பப்பை இறங்காது. கர்ப்பப்பை இறங்குவது பெரும்பாலும் பல பிரசவங்களுக்குப் பிறகு அடித்தசைகள் தளர்ந்து, வயதாகி மாதவிடாய் நின்றபின் வருவது. சரியாகச் சாப்பிட்டு ஓடுகிற பெண்ணுக்குப் பிள்ளைப்பேற்றில் எந்தக் குறையும் வருவதில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் ஓர் உண்மை இருக்கிறது. பெண்ணின் உடம்பில் ஏதோ வற்றுகிறது என்று அவர் கண்ணில் பட்டிருக்கிறது. காரணத்தைத்தான் தவறாகப் பிடித்துவிட்டார்.

பேத்தி பெரியவளானபோது நல்லெண்ணெய் ஊற்றி உளுந்தங்களி கிண்டிக் கொடுத்திருப்பார். நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையாக உடைத்து வாயில் ஊற்றியிருப்பார் (பச்சையாக வேண்டாம், வேகவைத்தே கொடுங்கள்). சடங்கு முடியும்வரை நடந்த அந்தக் கவனிப்பு, தண்ணீர் ஊற்றி வீட்டுக்குள் அழைத்த பிறகு பல வீடுகளில் நின்றுவிடுகிறது. அந்தப் பிள்ளை மிகுதியாக வளரும் வருடங்கள் அவைதான். நான் கேட்பதெல்லாம் அந்தச் சடங்குச் சாப்பாட்டை அவளுக்கு 18 வயது ஆகும்வரை நீட்டுங்கள் என்பதுதான். “அத்தை, நீங்க கிண்டுற களிதான் அவ எலும்புக்கு மருந்தாம், டாக்டரே சொல்றாங்க” என்று நீங்கள் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

காலையில் ஓடுவதற்கு முன் வெறும் வயிறு வேண்டாம். இரண்டு வாழைப்பழம் போதும். ஓடி முடித்து அரை மணி நேரத்துக்குள் ஏதாவது உள்ளே போக வேண்டும்: இரண்டு முட்டை, ஒரு டம்ளர் பால், அல்லது ஊறவைத்த கொண்டைக்கடலையோடு தயிர் விட்ட பழைய சோறு. காலைச் சாப்பாடு அதன் பிறகு தனியாக. பள்ளி இடைவேளைக்கு எள்ளுருண்டையோ கடலை மிட்டாயோ பையில் இருக்கட்டும். இந்த வயதுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்கிறது. நாகப்பட்டினத்துப் பக்கமிருந்து வரும் நெத்திலியை முள்ளோடு தின்றால் அதுவும் கால்சியம்தான். ராத்திரி சோறு கட்டாயம். குழம்பு, காய், பருப்பு அல்லது மீனோடு, வயிறு நிறைய. 'சோறு போட்டால் கனக்கும்' என்பாள். தசையில் சேமிப்பாக இருக்கும் மாவுச்சத்துதான் மறுநாள் காலை அவளை ஓட வைக்கும் என்று சொல்லுங்கள்.

பி.டி. உஷாவின் கதையையும் சொல்லுங்கள். 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நூறில் ஒரு நொடியில் வெண்கலத்தைத் தவறவிட்டார். அங்கே கிடைத்த அன்னியச் சாப்பாடு இறங்காமல், கஞ்சியும் ஊறுகாயும் சாப்பிட்டு ஓடியதாகவும், கடைசி மீட்டர்களில் அது தன்னைப் பாதித்ததாகவும் அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 20 வயதில், நாட்டிலேயே சிறந்த ஓட்டக்காரிக்கு நேர்ந்தது. அவருக்கு வேறு வழி இல்லாமல் போனது. உங்கள் மகளுக்கு வீட்டில் சோறு இருக்கிறது.

இரும்புச்சத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை. அதோடு ஓட்டமும் சேர்ந்தால் மூச்சு வாங்கும், கடைசிச் சுற்றில் கால் கல்லாகும். பயிற்சி போதவில்லை என்று நினைத்து இன்னும் ஓடுவார்கள். பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் நீல மாத்திரையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வருகிறாளா, விழுங்குகிறாளா என்று கேளுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். சாப்பாட்டோடும் மாத்திரையோடும் டீ, காபி கூடாது, இரும்பை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். முருங்கைக்கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் நல்லது.

இப்போது உங்கள் மகள் சொன்ன “நல்லதாப் போச்சு”. அந்த இரண்டு சொல்லை நான் விட்டுவிட்டுப் போக மாட்டேன். மாதவிடாய் நின்றால் ஒரு 15 வயதுப் பெண் ஏன் நிம்மதி அடைகிறாள்? நம் மைதானங்களைப் போய்ப் பாருங்கள். குறுவட்டப் போட்டி காலை ஏழு மணிக்கு என்று வரச்சொல்வார்கள், அவளுடைய ஓட்டம் மதியம் இரண்டு மணிக்கு வரும். அத்தனை நேரமும் பந்தல் நிழலில் உட்கார்ந்திருப்பாள். கழிப்பறை பூட்டியிருக்கும், அல்லது தாழ்ப்பாள் இருக்காது, அல்லது தண்ணீர் இருக்காது. ஆகவே காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டாள். வெயிலில், உதடு காய்ந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் 3000 மீட்டர் ஓடுவாள். மாதவிடாய் நாளாக இருந்தால், மெல்லிய அரைக்கால் சட்டையில் கறை பட்டுவிடுமோ என்ற பயத்தோடு ஓடுவாள். பின்னால் ஓடிவருகிறவள் பார்த்துவிடுவாளோ என்று யோசித்துக்கொண்டே ஒருத்தி எப்படி ஓட்டத்தில் மனம் வைப்பாள்? இதையெல்லாம் அனுபவித்த பிள்ளைதான் “நல்லதாப் போச்சு” என்கிறாள். அவளைத் திட்டாதீர்கள்.

இதில் நீங்கள் செய்யக்கூடியது உண்டு. அடர்நிற அரைக்கால் சட்டையும், அதற்குள் இறுக்கமான உள் அரைக்கால் சட்டையும் இருந்தால் பாதிப் பயம் போய்விடும். புதுயுகம் திட்டத்தில் 10 முதல் 19 வயதுப் பெண்களுக்கு அரசே இலவசமாக நாப்கின் தருகிறது. பள்ளியில் வாங்கிக்கொள்கிறாளா, போட்டிக்குப் போகும் பையில் எப்போதும் இருக்கிறதா என்று பாருங்கள். நாலு பெற்றோராகச் சேர்ந்து தலைமை ஆசிரியரிடம், போட்டி நடக்கும் இடத்தில் பெண்களுக்குக் கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கும் என்று கேளுங்கள். சின்னக் கேள்விதான், ஆனால் கேட்ட இடத்தில் சாவி வந்திருக்கிறது. வெளியூர்ப் போட்டி என்றால் பெண் ஆசிரியர் ஒருவர் கூட வருகிறாரா, ராத்திரி எங்கே தங்க வைக்கிறார்கள் என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எந்த மைதானத்திலும், யார் நடத்தையிலாவது அவளுக்குச் சங்கடம் வந்தால் உங்களிடம் சொல்லலாம், சொன்னால் ஓட்டம் பறிபோகாது என்ற உறுதி அவளுக்கு இருக்க வேண்டும். ஷூ பரண்மேல் போன வீட்டில் அந்த உறுதி வருவது கஷ்டம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் அவளுக்குத் தெரிந்திருக்கட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று: அவள் ஓடும்போது என்ன உள்ளாடை போடுகிறாள்? நம் பக்கம் பல பெண்கள் இரண்டு ஷிம்மியை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, தோளைக் குறுக்கி ஓடுகிறார்கள். தஞ்சாவூர், கும்பகோணம் கடைகளில் விளையாட்டுக்கான பிரா கிடைக்கிறது. அம்மாவாக நீங்களே கூட்டிப் போய் வாங்கிக் கொடுங்கள், ஷூவுக்கு அடுத்த செலவு அதுதான்.

பி.டி. சாரைப் பற்றி. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். அவர் ஓடிய காலத்தில் அவருக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அரசுப் பள்ளி மைதானத்தில் ஒரே ஆளாக நின்று பிள்ளைகளை மாநிலம் வரை கொண்டுபோகிறவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் எடையைப் பற்றி அவர் இனிப் பேசக் கூடாது. வளர்கிற பெண்ணின் எடை கூடத்தான் வேண்டும். 13 வயதில் சிட்டாகப் பறந்தவள் 15-இல் கொஞ்சம் வேகம் குறைந்தால், இடுப்பும் தொடையும் வளர்கிற காலம் அது. ஒன்றிரண்டு வருடத்தில் உடம்பு பழகி, அந்தப் பலத்தோடு முன்னைவிட வேகமாக ஓடுவார்கள். அந்த இடைக்காலத்தில் பட்டினி போட்டால், வரவிருக்கும் பலமும் வராது. அமெரிக்காவில் மேரி கெய்ன் என்ற ஓட்டக்காரி, 17 வயதில் உலகமே வியந்த பெண், எடையைக் குறை என்று ஓயாமல் நெருக்கியதில் மூன்று வருடம் மாதவிடாய் நின்று, ஐந்து எலும்புகள் முறிந்ததாக 2019-இல் வெளிப்படையாகச் சொன்னார்.

பள்ளிக்கு நீங்கள் நேரில் போங்கள், முடிந்தால் உங்கள் வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு. சண்டை போட வேண்டாம். “சார், டாக்டர் சொல்லியிருக்காங்க, ஐந்து மாசமா உடம்பு சரியில்லை, காலில் விரிசல் இருக்குமோன்னு பார்க்கிறோம். சரியாகும்வரை எடையைப் பத்தி அவகிட்ட பேச வேண்டாம். சாப்பிட்டியான்னு மட்டும் கேளுங்க” என்று சொல்லுங்கள். மாதவிடாய் என்ற சொல்லை ஆண் ஆசிரியரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் பெண் ஆசிரியர் வழியாகச் சொல்லலாம், ஆனால் விஷயம் அவருக்குப் போய்ச் சேர வேண்டும். அவர் வைத்திருக்கும் பயிற்சிக் குறிப்பில் ஓடிய தூரத்துக்குப் பக்கத்தில் தூக்கமும் இருந்தால் நல்லது. இந்த வயதுக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. பத்தாம் வகுப்பு டியூஷன் முடிந்து பதினோரு மணிக்குப் படுத்து நாலரைக்கு எழுகிறாள் என்றால், காலை ஓட்டத்தை வாரத்தில் மூன்று நாளாகக் குறைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இருந்தால் எடுத்து வைத்துவிடுங்கள். அவள் முன்னால் உங்கள் உடம்பைப் பற்றியோ பக்கத்து வீட்டுப் பெண்ணின் உடம்பைப் பற்றியோ பேச வேண்டாம். சாப்பிட்ட பிறகு ஒளிந்து வாந்தி எடுப்பது, தட்டை மறைப்பது, எல்லோரும் சாப்பிட்டபின் சாப்பிடுகிறேன் என்று தள்ளுவது தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கு மனநல ஆலோசனையும் சேர்ந்து வேண்டும்.

மகளுக்கு என் சார்பில் இதைப் படித்துக் காட்டுங்கள்: பாப்பா, உன்னிடம் இருக்கும் திறமை இரண்டு கிலோவில் இல்லை. உன் உடம்பு உனக்கு எதிராக எதுவும் செய்யவில்லை, கையிருப்பு தீர்ந்துவிட்டது என்று ஐந்து மாதமாக உன்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஒரு நோட்டில் தேதி போட்டு எழுது. என்ன சாப்பிட்டாய், எத்தனை மணி நேரம் தூங்கினாய், கால் எப்படி இருக்கிறது, மாதவிடாய் எந்தத் தேதியில் வந்தது. பெரிய வீராங்கனைகள் எல்லாம் இப்போது இதை எழுதி வைத்துக்கொண்டுதான் பயிற்சி செய்கிறார்கள். வலி போய், மருத்துவர் சரி என்றதும் முதலில் நட, அப்புறம் நடையும் ஓட்டமும் கலந்து ஓடு. தார் ரோட்டை விட்டுவிட்டு, அறுவடை முடிந்த வயலோரமாகவோ மைதானத்து மண்ணிலோ ஓடு. இரண்டு நாள் ஓடினால் மூன்றாம் நாள் ஓய்வு.

இந்த வாரமே எலும்பு மருத்துவரிடம் போங்கள், சகோதரி. போய்வந்து ரிப்போர்ட்டோடு எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதற்கு முன்பாக, இன்று சாயங்காலமே, பரண்மேல் இருக்கும் ஷூவை இறக்கித் தூசி தட்டி, அவள் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். கால் ஆறும்வரை அவள் அதைப் போடப் போவதில்லை. ஆனாலும் அங்கேயே இருக்கட்டும்.